மக்கள் தொடர்பாளனின் புத்தக அலமாரி

என்னிடம் சில வருடங்கள் உதவியாளராக இருந்த பெண் ஒருவர் இப்போது ஒரு கல்லூரியில் மக்கள் தொடர்புக் கலை பயிற்றுவிக்கிறார். சென்ற மாதம் ஒரு மாலையில் அழைத்தார். வழக்கமான நலம் விசாரிப்புகள் முடிந்த பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"சார், பசங்களுக்கு சோஷியல் மீடியா பத்தி ஒரு பேப்பர் இருக்கு. சிலபஸ்ல குடுத்திருக்கற புத்தகமெல்லாம் எப்படி போஸ்ட் போடறது, எத்தனை மணிக்குப் போடறதுன்னுதான் சொல்லுது. நீங்க ஒரு பத்துப் புத்தகம் சொல்லுங்க."

யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்றேன். இந்தத் தொழிலில் முப்பது வருடங்களைக் கழித்தவனுக்குப் பத்துப் புத்தகங்களின் பெயரை எழுத அரைமணி நேரம் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். மூன்று வாரங்கள் ஆயின.

முதலில் அலமாரியிலிருந்து வெளியேற்ற வேண்டியவற்றை எடுத்து வைத்தேன். கருவிகளைப் பற்றிய புத்தகங்கள் அவை. கூகிள் ப்ளஸ் வழியாக வாடிக்கையாளரை ஈர்ப்பது பற்றி ஒரு தடித்த நூல். அந்தச் சேவை 2019இல் பொதுப் பயனாளர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. ஆறு விநாடிக் காணொளிகளுக்கான வைன் பற்றி ஒன்று. அதுவும் 2017இல் போயிற்று. இவற்றோடு நானே 2008இல் எங்கள் அலுவலகத்துக்காகத் தயாரித்த, ஸ்பைரல் பைண்டிங் செய்த ஒரு கையேடும் கிடைத்தது. ஆர்குட் குழுமங்களில் நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாற்பது பக்கங்களுக்கு அறிவுரை. ஆர்குட் 2014 செப்டம்பரோடு மறைந்தது. கையேட்டைப் புரட்டியபோது ஓர் இடத்தில் 'வாசகர்களோடு நட்பாகப் பழகவும்' என்று எழுதியிருந்ததைக் கண்டு எனக்கே சிரிப்பு வந்தது. எப்படிப் பழகுவது என்பதை நாற்பது பக்கத்திலும் சொல்லவில்லை.

ஆக, கருவிகளைப் பற்றிய நூல்கள் வேண்டாம். பிறகு எங்கிருந்து தொடங்குவது? எனக்குத் தோன்றியது 1906ஆம் ஆண்டு.

அந்த வருடம் அக்டோபர் 28ஆம் தேதி அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டிக்கு அருகே ஒரு ரயில் பாலத்திலிருந்து பெட்டிகள் நீரில் விழுந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்து நேர்ந்தால் செய்தியை முடிந்தவரை அமுக்குவதுதான் அன்றைய ரயில் கம்பெனிகளின் பழக்கம். நிருபர்களை அண்டவிட மாட்டார்கள். பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் ஆலோசகராக இருந்த ஐவி லீ என்ற முன்னாள் பத்திரிகையாளர் அதற்கு நேர்மாறாக நடந்தார். நடந்ததை எழுதி ஓர் அறிக்கையாகப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்; நிருபர்களைக் கம்பெனி செலவிலேயே விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துச் சென்றார். நியூயார்க் டைம்ஸ் அந்த அறிக்கையை வெளியிட்டது. உலகின் முதல் பத்திரிகைக் குறிப்பு அதுதான் என்று எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லும். அதே வருடம் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கை விளக்கமும் அனுப்பியிருந்தார். எங்கள் வேலை ஒளிவுமறைவற்றது, தருகிற தகவல் சரியானது, சரிபார்க்க விரும்புபவர்களுக்கு உதவுவோம் என்பது அதன் சாரம். தொழிலின் ஞானஸ்நானம் என்று இதைச் சொல்வார்கள்.

எல்லா ஆசிரியர்களும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் படித்த காலத்திலும் நிறுத்தினார்கள். மீதிக் கதையைப் பல வருடங்கள் கழித்துத்தான் படித்தேன்.

1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்ற இடத்தில், ராக்ஃபெல்லர் குடும்பத்துக்குப் பெரும்பங்கு இருந்த சுரங்கக் கம்பெனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. ஒரு கூடாரத்துக்கு அடியில் தோண்டியிருந்த குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சு முட்டி இறந்தார்கள். நாடு கொதித்தது. ராக்ஃபெல்லர் ஐவி லீயை நியமித்தார். லீ வாரந்தோறும் துண்டு வெளியீடுகளை அச்சிட்டு நாடு முழுவதும் செல்வாக்குள்ளவர்களுக்கு அனுப்பினார். அவற்றில் தவறான தகவல்கள் இருந்தன. தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளம் பல மடங்கு மிகைப்படுத்தப்பட்டிருந்தது. மறுவருடம் அரசின் விசாரணைக் குழுவின் முன் லீ நின்றபோது, கம்பெனிக்காரர்கள் தந்த தகவல்கள் உண்மையா என்று அறிய நீங்கள் என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். எட்டு வருடங்களுக்கு முன் சரிபார்க்க உதவுவோம் என்று எழுதிக்கொடுத்த அதே மனிதர்தான். எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'விஷ ஐவி' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் ஒரு கொடி அமெரிக்கக் காடுகளில் உண்டு, பட்டால் தோல் அரித்துச் சிவந்துபோகும்.

சமூக ஊடகம் பற்றிய பட்டியலில் ஐவி லீ எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். 'எந்த முயற்சியும் எடுக்கவில்லை' என்ற பதிலைப் படித்தபோது எனக்கு வியர்த்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பின்னால் சொல்கிறேன்.

எட்வர்ட் பெர்னேஸைப் பட்டியலில் சேர்த்தேன், ஆனால் அவரைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஃப்ராய்டின் மருமகன். 1923இல் 'கிறிஸ்டலைசிங் பப்ளிக் ஒபினியன்', 1928இல் 'ப்ராபகாண்டா' என இரண்டு நூல்கள். 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் புகைக்கச் செய்து, அதைப் பெண் விடுதலையின் அடையாளமாகப் பத்திரிகைகளில் வரவைத்தவர். பணம் கொடுத்தது புகையிலைக் கம்பெனி. தன் முதல் நூலை கோயபல்ஸ் பயன்படுத்திக்கொண்டிருந்ததை 1933இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் சொல்லிக் கேள்விப்பட்டதாக அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். யூதர் ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. இன்று 'இன்ஃப்ளுயன்சர்' என்று நாம் கூத்தாடும் சங்கதியெல்லாம் பெர்னேஸிடம் இருக்கிறது. செல்வாக்குள்ளவரைப் பிடி, மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பதுதான் அது.

க்ரூனிக், ஹன்ட் இருவரும் 1984இல் எழுதிய பாடநூலைப் பாதி மனதோடு சேர்த்தேன். மக்கள் தொடர்பை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். விளம்பரக் கூச்சல், ஒருவழித் தகவல், கேட்டுத் தெரிந்துகொண்டு நம் வழிக்குத் திருப்புவது, கடைசியாக இரு தரப்பும் பேசி இருவருமே மாறிக்கொள்வது. நான்காவதுதான் உயர்ந்தது என்பது அவர்கள் கட்சி. முப்பது வருடங்களில் நான்காவதை நான் முழுமையாக ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் நிறுவனங்களின் முன் அதைப் பற்றி நான் உரையாற்றியதுண்டு. தேநீர் இடைவேளைக்குப் பிறகு எல்லோரும் மூன்றாவதுக்குத் திரும்பிவிடுவோம்.

இனி இணையம். 1999இல் நான்கு பேர் சேர்ந்து ஒரு வலைத்தளத்தில் தொண்ணூற்றைந்து கூற்றுகளை அறைந்தார்கள். ரிக் லெவின், கிறிஸ்டஃபர் லாக், டாக் ஸேர்ல்ஸ், டேவிட் வெய்ன்பெர்கர். மார்ட்டின் லூதர் தேவாலயக் கதவில் அறைந்ததாகச் சொல்லப்படும் தொண்ணூற்றைந்தின் நினைவாக அந்த எண்ணிக்கை. மறுவருடம் 'தி க்ளூட்ரெயின் மானிஃபெஸ்டோ' என்று புத்தகமாக வந்தது. சந்தை என்பது மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. நிறுவனங்கள் அந்தப் பேச்சில் மனிதக் குரலில் கலந்துகொள்ளத் தெரியாமல் அறிக்கை மொழியில் முழங்கிக்கொண்டிருக்கின்றன. இணையம் மக்களுக்குத் தங்களுக்குள் பேசிக்கொள்ள வழி செய்துவிட்டது, இனி அவர்கள் இந்த முழக்கத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்பதுதான் நூலின் வாதம். ஃபேஸ்புக் பிறப்பதற்கு ஐந்து வருடங்கள் முன்பு இதை எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தை 2003இல் ஒரு நண்பர் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அப்போது நாங்கள் பத்திரிகைக் குறிப்புகளைத் தொலைநகலில் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்துக்கும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த காலம். நட்சத்திர ஓட்டலில் பத்திரிகையாளர் சந்திப்பு, ஒரு அட்டை உறையில் குறிப்பும் புகைப்படமும், வெளியே போகும்போது ஓர் அன்பளிப்புப் பை. அந்தச் சூழலில் இந்தப் புத்தகம் எனக்கு வேறு கிரகத்திலிருந்து வந்த கடிதம்போல இருந்தது. இரவு முழுவதும் படித்தேன். இப்போது படித்தால் அதில் ஒரு வெகுளித்தனம் தெரிகிறது. மக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் உண்மை தானாக மேலே வரும் என்ற நம்பிக்கை அது. பேசிக்கொண்டிருப்பவர்களில் யார் மக்கள், யார் மக்கள் வேடமிட்டவர்கள் என்று அந்த நால்வரும் கேட்கவில்லை. நாங்கள்தான் கேட்டோம், வேறு நோக்கத்தோடு.

அவர்கள் சொன்னது பலித்த உதாரணங்களுக்கும் குறைவில்லை. 2005 கோடையில் ஜெஃப் ஜார்விஸ் என்ற பத்திரிகையாளர் தன் டெல் மடிக்கணினி படுத்திய பாட்டைத் தன் வலைப்பதிவில் எழுதினார். பின்னூட்டங்களில் அதே கதை உள்ளவர்கள் திரண்டார்கள். நிறுவனம் முதலில் வாயே திறக்கவில்லை. மறுவருடம் தானும் வலைப்பதிவு தொடங்கி, குறைசொல்பவர்களைத் தேடிப்போய்ப் பேச ஆரம்பித்தது. ஜார்விஸ் பின்னர் 2009இல் வந்த தன் 'வாட் வுட் கூகிள் டூ?' நூலில் இதை விவரித்திருக்கிறார். அதே 2009 ஜூலையில் டேவ் கேரல் என்ற கனடா நாட்டுப் பாடகர், யுனைடெட் விமானத்தில் தன் கிதார் உடைந்ததையும் இழப்பீடு தர மறுத்ததையும் பாட்டாகப் பாடி யூட்யூபில் ஏற்றினார். பழுதுபார்க்க ஆன செலவு 1,200 டாலர். அந்தப் பாட்டை எத்தனையோ கோடி முறை உலகம் பார்த்துவிட்டது.

ஆனால் 2006இல் இன்னொன்றும் நடந்தது. ஒரு ஜோடி வண்டி ஒன்றில் அமெரிக்காவைச் சுற்றிவந்து, இரவுகளில் வால்மார்ட் கடைகளின் வாகன நிறுத்தங்களில் தங்கி, அங்கே சந்தித்த மகிழ்ச்சியான ஊழியர்களைப் பற்றி வலைப்பதிவு எழுதியது. பயணச் செலவு எங்கிருந்து வந்தது என்று பிஸினஸ்வீக் தோண்டியபோது, வால்மார்ட்டுக்காக எடெல்மன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் உருவாக்கிய ஓர் அமைப்பிலிருந்து என்று தெரிந்தது. எடெல்மன் அப்போது இணையத்தில் வெளிப்படைத்தன்மை பற்றி ஊருக்கெல்லாம் உபதேசித்துவந்த நிறுவனம். அதன் தலைவர் தன் வலைப்பதிவில் மன்னிப்புக் கேட்டார். 2017இல் லண்டனின் பெல் பாட்டிஞ்சர் நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தின் நிறுவனத்துக்காக இனப் பகையைத் தூண்டும் பிரச்சாரம் நடத்தியதற்காகத் தொழிற்சங்கத்திலிருந்து நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே திவாலானது. இந்த இரண்டையும் மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். எங்கள் கதையைச் சொன்னதில்லை.

2013 தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு. மேற்கு மாவட்டம் ஒன்றில் பல கிளைகள் வைத்திருந்த ஓர் இனிப்பகம் எங்கள் வாடிக்கையாளர். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் மகளின் காதணி விழாவுக்கு வாங்கிய பால்கோவா டப்பாக்களில் பூசணம் பூத்திருந்ததாகவும், சாப்பிட்ட குழந்தைகள் வாந்தியெடுத்ததாகவும் ஃபேஸ்புக்கில் படத்தோடு எழுதிவிட்டார். கோபமாகக்கூட எழுதவில்லை. ரசீதையும் படமெடுத்துப் போட்டிருந்தார். இரவுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்துவிட்டார்கள். தீபாவளி ஆர்டர்கள் ரத்தாகத் தொடங்கின. உரிமையாளர் இரவு பதினொரு மணிக்கு அழைத்தார். குரல் நடுங்கியது. அறுநூறு குடும்பம் இதை நம்பி இருக்கு சார் என்றார். அது பொய்யல்ல.

நான் அறிக்கை எழுதினேன். எங்கள் தயாரிப்பு முறையில் எந்தக் குறையும் இல்லை, தொழில் போட்டியால் திட்டமிட்டுப் பரப்பப்படும் அவதூறு இது என்று. ஆலையில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. உரிமையாளர் சொன்னார், எழுதினேன். அதோடு, பொதுமக்கள் போலப் பின்னூட்டமிட ஒரு டஜன் பெயர்கள் தேவைப்பட்டன. இன்று இயந்திரத்திடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் நூறு பேரை எழுதித் தந்துவிடும். அன்று கையால் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையை இப்போது கல்லூரியில் கற்பிக்கும் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு பெயர்களை உருவாக்கிவிட்டு, தலைவலிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார். மீதியை இன்னொரு பையன் முடித்தான்.

பன்னிரண்டு பேரும் நன்றாக வேலை செய்தார்கள். இருபது வருடமாக அந்தக் கடையில் வாங்குகிறோம், ஒருநாளும் குறை கண்டதில்லை என்று எழுதினார்கள். போட்டிக் கடைக்காரரிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். பிறகு நிஜமான மனிதர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பின் எங்கள் தூண்டுதல் தேவைப்படவில்லை. யாரோ ஒருவர் அந்த ஆசிரியர் வீட்டில் ட்யூஷன் எடுப்பதைக் கண்டுபிடித்து எழுதினார். அரசு ஆசிரியர் அப்படி எடுக்கக் கூடாது. அந்த யாரோ ஒருவர் எங்கள் பன்னிரண்டில் ஒருவரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பையனிடம் நான் கேட்கவில்லை. கல்வி அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. நான்காம் நாள் ஆசிரியர் பதிவை நீக்கிவிட்டு, தவறான புரிதலில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும் என்று மூன்று வரி எழுதினார். அதைப் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பினோம். தீபாவளிக்கு எங்கள் அலுவலகத்துக்கு ஐந்து கிலோ இனிப்பு வந்தது. எல்லோரும் சாப்பிட்டோம்.

டிசம்பரில் வேறு வேலையாக அந்த ஆலைக்குப் போயிருந்தேன். கிடங்குப் பொறுப்பாளர் சுற்றிக்காட்டிக்கொண்டே வந்தவர், குளிர் அறையின் முன் நின்று, "அந்த வாரம் கம்ப்ரஸர் ரெண்டு ராத்திரி ஓடலைங்க. நல்லவேளை நீங்க சமாளிச்சிட்டீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் தலையசைத்தேன். ஜனவரியில் அந்தப் பெண் வேலையை விட்டார். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2015இல் ஜான் ரான்ஸனின் 'ஸோ யூ'வ் பீன் பப்ளிக்லி ஷேம்ட்' வந்தது. சமூக ஊடகத்தில் கூட்டத்தால் அவமானப்படுத்தப்பட்டவர்களைத் தேடிச் சென்று சந்தித்து எழுதிய நூல். என் பட்டியலில் ஒரே ஒரு புத்தகத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைப்பேன். அதில் வரும் முக்கியமான பெண்மணி எங்கள் தொழில்காரர். நியூயார்க்கில் ஒரு பெரிய நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் உயர்பதவியில் இருந்தவர். 2013 டிசம்பரில் லண்டனில் கேப்டவுன் விமானம் ஏறும் முன் ட்விட்டரில் மோசமான ஒரு நகைச்சுவையை எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 170 பேர். பதினொரு மணிநேரம் வானில் இருந்தபோது உலகமே அதைப் படித்து, விமானம் தரையிறங்கட்டும் என்று கைகொட்டிக் காத்திருந்தது. இறங்கியபோது அவர் வேலை போவது உறுதியாகியிருந்தது. அவர் எழுதியதை ரான்ஸன் நியாயப்படுத்தவில்லை. கைகொட்டியவர்களின் முகத்தைப் பார்க்கச் சொல்கிறார். தானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் உற்சாகமாக நின்றவன் என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார்.

அதன் பிற்பகுதியில் இன்னொரு பெண்ணின் கதை. கூகிளில் அவர் பெயரைத் தேடினால் அவமானம் மட்டுமே வரும். பெயரைச் சுத்தம் செய்துதரும் ஒரு நிறுவனம் அவருக்காக வேலை செய்கிறது. பூனைகள் பிடிக்கும், ஐஸ்கிரீம் பிடிக்கும் என்பதுபோன்ற சாரமற்ற பதிவுகளை அவர் பெயரில் நிறைய எழுதி, பழையவற்றைப் பின்பக்கங்களுக்குத் தள்ளுகிறார்கள். பயத்தில் அந்தப் பெண் ஆபத்தில்லாத, நிறமற்ற ஒருத்தியாக இணையத்தில் மாறுகிறார். அந்த அத்தியாயத்தைப் படிக்கையில் ஆசிரியரின் மூன்று வரி மன்னிப்பு நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ப் பழைய கோப்பை எடுத்தேன். அவருடைய முதல் பதிவின் நகல் அதில் இருந்தது, ரசீதோடு. ஐவி லீயின் விசாரணைக் குழுப் பதிலை அதற்கு அடுத்த வாரம்தான் படித்தேன். வியர்த்ததற்குக் காரணம் அதுதான்.

அதே 2015 ஜூலைக் கடைசியில் 'கொடைக்கானல் வோன்ட்' பாட்டு வந்தது. சென்னையைச் சேர்ந்த, விளம்பரத் துறையில் வேலை பார்த்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப். யூனிலீவரின் இந்தியக் கிளை நடத்திய பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டதைப் பலர் மறந்துவிட்டிருந்தார்கள். மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஏழு டன்னுக்குமேல் கிடந்ததை அந்த வருடம் கண்டுபிடித்த பிறகுதான் ஆலை நின்றது. தொழிலாளர்கள் பதினான்கு வருடங்களாக மனுக் கொடுத்தும் வழக்கு நடத்தியும் வந்தார்கள். அதையெல்லாம் நாளிதழ்கள் உள்பக்கத்தில் போட்டன. இரண்டு மூன்று நிமிடப் பாட்டு அதை உலகச் செய்தியாக்கியது. நிறுவனத்தின் உலகத் தலைமை அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கையெழுத்தானது. உடல்நலக் கேட்டுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்ற நிலையை நிறுவனம் கைவிடவில்லை. மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்றது.

இதைப் பற்றி முழுநூல் எழுதப்பட வேண்டும். அதுவரை மாணவர்கள் நிறுவனத்தின் அறிக்கைகளை ஒரு பக்கமும் தொழிலாளர்கள் சொன்னவற்றை மறுபக்கமும் வைத்துப் படிக்கட்டும் என்று குறித்தேன். அறிக்கையின் ஒவ்வொரு சொல்லும் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். 'ஆதாரம் இல்லை' என்பதற்கும் 'நடக்கவில்லை' என்பதற்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் எங்கள் குடியிருப்பு.

மற்றவை விரைவாக முடிந்தன. க்ளே ஷிர்க்கியின் 'ஹியர் கம்ஸ் எவ்ரிபடி', 2008. நியூயார்க் வாடகைக் காரில் தொலைந்த ஒரு கைப்பேசியின் கதையோடு தொடங்கும், அமைப்பு இல்லாமலேயே மக்கள் எப்படித் திரள்கிறார்கள் என்பதைப் பற்றிய நூல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் நீர் சென்னைக்குள் புகுந்தபோது, முன்பின் தெரியாத இளைஞர்கள் ட்விட்டரிலும் பொதுவில் பகிர்ந்த அட்டவணைகளிலும் படகும் சோறும் ஒருங்கிணைத்ததைப் பார்த்தவர்களுக்கு ஷிர்க்கி சொல்வது எளிதில் புரியும். ஸெய்னெப் டுஃபெக்ஸியின் 'ட்விட்டர் அண்ட் டியர் கேஸ்', 2017. அப்படித் திரண்டவர்கள் ஏன் அடுத்த மாதம் கலைந்துபோகிறார்கள் என்பதற்கு. டிமதி கூம்ஸின் நெருக்கடிக்காலத் தொடர்பு பற்றிய பாடநூல். நிறுவனமே பாதிக்கப்பட்டதா, தற்செயலாக நேர்ந்ததா, தடுத்திருக்கக்கூடியதா என்று நெருக்கடியை மூன்றாகப் பிரித்து, பதில் அதற்கேற்ப இருக்க வேண்டும் என்பார். முதலில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்களைக் காத்துக்கொள்ளத் தேவையான தகவலைச் சொல்லுங்கள், பெயரைக் காப்பாற்றுவது அதற்குப் பின்புதான் என்பதையும் அவர் தெளிவாக எழுதியிருக்கிறார். 'டப்பாக்களைத் திருப்பிக் கொடுங்கள், குழந்தைகளுக்குத் தராதீர்கள்' என்று ஒரு வரி போதுமாயிருந்தது. அந்தப் புத்தகம் 2013இல் என் மேசையிலேயே இருந்தது.

குறளின் சொல்வன்மை, அவையறிதல் அதிகாரங்களைச் சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் எந்த உரைக்காட்சியும் ஒரு குறளோடுதான் தொடங்கும். அடுத்த சில்லில் லாப விளக்கப்படம் வரும். மாணவர்கள் அதை என்னிடமிருந்து படிக்க வேண்டியதில்லை.

பட்டியல் ஒன்பதில் நின்றது. பத்தாவதாக என் கோப்பிலிருந்து மூன்று தாள்களை ஒளிநகல் எடுத்து வைத்தேன். ஆசிரியரின் பதிவு, என் அறிக்கை, அவருடைய மன்னிப்பு. அவர் பெயரையும் கடையின் பெயரையும் கறுப்பு மையால் அடித்தேன். அனுப்பிய மறுநாள் அந்தப் பெண் அழைத்தார். சற்றுநேரம் பேசாமல் இருந்தார்.

"அறிக்கைக்குக் கீழே உங்க பேரு இருக்கு சார். அதையும் அடிச்சிடட்டுமா?"

"வேணாம்மா, இருக்கட்டும்."

"அந்த ரெண்டு பேரு நான் போட்டது. ஒண்ணு எங்க பாட்டி பேரு."

எனக்கு அது தெரியாது. என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. அந்த ஆசிரியர் என்ன ஆனார் என்று கேட்டார். துறை விசாரணை நடந்து எச்சரிக்கையோடு முடிந்ததாகக் கேள்விப்பட்டதையும், 2016இல் பள்ளி முகவரிக்கு அவருக்கு ஒரு கடிதம் எழுதியதையும், பதில் வராததையும், கடிதம் திரும்பியும் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

பிறகு புத்தகங்கள் எங்கே கிடைக்கும் என்று பேசினோம். க்ளூட்ரெயின் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ரான்ஸன் எந்த ஊர்க் கடையிலும் வரவழைத்துத் தருவார்கள். கூம்ஸ் விலை அதிகம். என் பிரதியை அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியிருக்கிறேன், அதை அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு, அப்படியே அனுப்புங்கள் என்றார்.